கர்ப்பகால இனிப்பு நீர்: 5.3ஐ நம்புவதா, 5.2ஐ நம்புவதா?

மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 31, இரண்டாவது பிள்ளை, 27ஆவது வாரம். முதல் பிள்ளை 3.9 கிலோ. அரசாங்க கிளினிக்கில் இனிப்புத் தண்ணீர் குடிக்க வைத்து எடுத்த சோதனையில் ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 5.3 மில்லிமோல், இரண்டு மணி நேரம் கழித்து 7.2. மிஸ்ஸி (தாதி) கர்ப்பிணிகளுக்கான பிங்க் புத்தகத்தில் 'ஜிடிஎம்', அதாவது கர்ப்பகால இனிப்பு நீர் (நீரிழிவு), என்று எழுதிவிட்டார். மனசு கேட்காமல் தெலுக் இந்தானில் ஒரு தனியார் கிளினிக்கில் காசு கட்டி முழு ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார். பல வாரச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 5.2 சதவீதம், நார்மல். ஆனால் அதே தாளில் டிரைகிளிசரைடு 3.1, கொலஸ்ட்ரால் 7.0, வெறும் வயிற்று இன்சுலின் அதிகம் என்று மூன்று சிவப்பு வரிகள். ஹீமோகுளோபின் 9.8. பயந்துபோய்ச் சோற்றை அடியோடு நிறுத்தியிருக்கிறார். இப்போது சிறுநீரில் கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வரும் பொருள்) இருக்கிறது என்கிறார்கள். "தோட்டத்துல நான் ஒன்பது பெத்தேன், யார் சீனி பார்த்தா?" என்பது மாமியாரின் வாதம். "ரத்தம் வேன்ல வெயில்ல போகுது, அதான் தப்பா வந்திருக்கும்" என்பது கணவரின் வாதம். தனக்கு உண்மையிலேயே இனிப்பு நீர் இருக்கிறதா, பிள்ளை பிறந்ததும் போய்விடுமா என்பது இவருடைய கேள்வி.

நான் மருத்துவர் இல்லை. அரசாங்க மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மருந்து, ஊசி பற்றியெல்லாம் உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். தாளில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதை என்னால் சொல்ல முடியும்.

முதலில் பதில்: 5.3ஐ நம்புங்கள் தங்கச்சி. 5.2 பொய் இல்லை, ஆனால் அது நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. சிவப்பு எழுத்தில் வந்த மூன்றில் பயப்பட ஒன்றும் இல்லை. இவை எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது அந்தக் கீட்டோன்தான்.

கணவரின் சந்தேகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது என் தொழில். சீனி பார்க்க எடுக்கும் ரத்தம் சாம்பல் நிற மூடி போட்ட சின்னக் குழாய்க்குள் போகும். காலிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடியில் வெள்ளைத் தூள் ஒட்டியிருப்பது தெரியும். அது சோடியம் ஃபுளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும். ஆக்சலேட் ரத்தத்தை உறையவிடாது. ஃபுளோரைடுக்கு வேறு வேலை. உடம்பை விட்டு வெளியே வந்தாலும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. குழாய்க்குள் இருக்கும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்துவிடும். ஃபுளோரைடு இதை நிறுத்தும், ஆனால் உடனே நிறுத்தாது. சர்க்கரை எரியும் பாதையில் கடைசிப் பக்கம் உள்ள ஒரு நொதியைத்தான் அது மறிக்கிறது. முன்பக்கத்து வேலை ஒன்றிரண்டு மணி நேரமாவது ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் குழாயை ஐஸில் வை, சீக்கிரம் சுழற்றிப் பிரி என்று பரிசோதனைக் கூடங்களில் கத்திக்கொண்டே இருப்போம்.

ஆக, வேன் தாமதமானால், வெயிலில் நின்றால், எண் இறங்கும். ஏறாது. உங்கள் கணவர் சொல்வது நடந்திருந்தால் உங்கள் உண்மையான அளவு 5.3ஐ விடக் கூடுதலாக, 5.5 போல இருந்திருக்க வேண்டும். எண்ணைப் பொய்யாக ஏற்றக்கூடியவை வேறு: விடியற்காலையில் 'அரை கப் மைலோதானே' என்று குடித்தது, காய்ச்சல், சிசுவின் நுரையீரலுக்காகப் போடும் டெக்ஸாமெத்தசோன் ஊசி. அந்த ஊசி போட்ட சில நாளைக்குச் சீனி எகிறித்தான் இருக்கும். இதில் எதுவும் உங்களுக்கு இல்லை என்கிறீர்கள்.

அப்படியானால் 5.3 என்பது அப்படி என்ன பெரிய எண்? இந்தியாவில் உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன், நம் மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் உங்கள் மில்லிகிராம் கணக்கு வரும், 5.3 என்றால் சுமார் 95. கர்ப்பம் இல்லாதவருக்கு இது அருமையான அளவு. கர்ப்பிணிக்கு அப்படி இல்லை. கர்ப்பத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பாகவே கீழே இறங்கும். ரத்தத்தின் நீர் அளவு கூடுகிறது, பிள்ளை இரவெல்லாம் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. இனிப்பு நீர் இல்லாத, சராசரி எடையுள்ள கர்ப்பிணிகளுக்கு அது 4ஐ ஒட்டியே இருக்கும். எல்லோரும் இறங்கி நிற்கிற நேரத்தில் நீங்கள் மட்டும் இறங்காமல் நிற்கிறீர்கள். அதைத்தான் அந்த 5.3 சொல்கிறது.

இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் குழப்பம் பாதி தீரும். ஹேப்போ என்ற பெரிய ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஒன்பது நாடுகள், பதினைந்து மையங்கள், நம் பக்கத்துச் சிங்கப்பூரும் பாங்காக்கும் உட்பட. சுமார் 23,000 கர்ப்பிணிகளின் சர்க்கரையை அளந்து, மிக அதிகமாக இருந்தவர்களைத் தவிர மற்றவர்களின் முடிவை டாக்டருக்கும் சொல்லாமல், தாய்க்கும் சொல்லாமல், பிரசவம் வரை பார்த்தார்கள். கண்டது என்ன? தாயின் சர்க்கரை கொஞ்சம் ஏறினால் பிள்ளையின் எடை கொஞ்சம் ஏறுகிறது. இன்னும் ஏறினால் இன்னும் ஏறுகிறது. தொப்புள்கொடி ரத்தத்தில் சி-பெப்டைடும் அதே மாதிரி. அதாவது பிள்ளையின் கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதன் தடயம். 'இதுவரை ஆபத்தில்லை, இதற்கு மேல் ஆபத்து' என்று ஒரு இடம் அந்த ஆய்வில் தென்படவே இல்லை. சரிவாக ஏறிக்கொண்டே போனது.

ஏறிக்கொண்டே போகும் சரிவில் எங்காவது கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்? 2010இல் ஒரு சர்வதேசக் குழு உட்கார்ந்து, சராசரி அளவில் உள்ள தாயோடு ஒப்பிட்டால் பெரிய பிள்ளை முதலான பாதிப்புகளுக்கான வாய்ப்பு 1.75 மடங்கு ஆகும் இடத்தில் கோடு போட்டது. வெறும் வயிற்றுக்கு அது 5.1. மலேசியா அந்த 5.1ஐ எடுத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் பழைய 7.8ஐ வைத்துக்கொண்டது. இரண்டில் ஒன்று தாண்டினாலே ஜிடிஎம்தான். இங்கிலாந்தில் வெறும் வயிற்றுக் கோடு 5.6. ஆமாம், நீங்கள் மான்செஸ்டரில் குடியிருந்தால் இதே 5.3, 7.2க்கு 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கிளினிக் எல்லோரையும் நோயாளி ஆக்குகிறது என்று உறவினர்கள் முணுமுணுப்பதில் ஒரு துளி நியாயம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. 2022இல் நியூஸிலாந்தில் சுமார் 4,000 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தாழ்ந்த கோடு, மறுபாதிக்கு உயர்ந்த கோடு வைத்துப் பார்த்தார்கள். மொத்தக் கணக்கில் பெரிய பிள்ளைகளின் விகிதம் இரண்டு பக்கமும் 9 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. ஆனால் இரண்டு கோட்டுக்கும் இடையில் விழுந்த பெண்களை மட்டும் தனியாகப் பார்த்தால், கவனிக்கப்பட்டவர்களுக்குப் பெரிய பிள்ளை 6 சதவீதம், கவனிக்கப்படாதவர்களுக்கு 18. நீங்கள் நிற்பது அந்த இடைவெளியில்தான். போதாததற்கு முதல் பிள்ளை 3.9 கிலோ. அமெரிக்காவில் 2009இல் வந்த இன்னோர் ஆய்வில், வெறும் வயிற்று அளவு 5.3க்குக் கீழே இருந்த லேசான ஜிடிஎம் பெண்களுக்கே சிகிச்சை கொடுத்தபோது நாலு கிலோவைத் தாண்டிய பிள்ளைகள் 14.3 சதவீதத்திலிருந்து 5.9க்கு இறங்கின. பெரும்பாலானவர்களுக்கு அந்தச் சிகிச்சை சாப்பாட்டு ஒழுங்கும் விரல் குத்திப் பார்ப்பதும் மட்டும்தான்.

சரி, இரண்டு மணி நேர எண் 7.2 நன்றாக இருக்கிறதே, வெறும் வயிறு மட்டும் ஏன் ஏறியது? இரண்டும் வேறு வேறு உறுப்பின் கதை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்த பிறகு அதை அள்ளிக்கொள்வது பெரும்பாலும் தசை. கணையம் வேகமாக இன்சுலின் விட்டால் வேலை முடிந்தது. ராத்திரி சாப்பிடாமல் படுத்திருக்கும்போது ரத்தத்துக்குச் சர்க்கரை விடுவது ஈரல். 'போதும், நிறுத்து' என்று ஈரலுக்குச் சொல்வது இன்சுலின். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் அந்தக் கட்டளையை மழுங்கடிக்கின்றன. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உடம்பு இன்சுலினுக்குக் காட்டும் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விடும். அதை ஈடுகட்ட நல்ல கணையம் இரண்டு மடங்குக்கு மேல் சுரக்கும். ஈடுகட்ட முடியாமல் கொஞ்சம் பின்தங்கினால் அதுதான் ஜிடிஎம். எனவே தாளில் 'இன்சுலின் அதிகம்' என்று சிவப்பில் வந்ததற்கு அர்த்தமே இல்லை. 27ஆவது வாரத்தில் எந்தப் பெண்ணின் ரத்தத்தை எடுத்தாலும் அதிகமாகத்தான் இருக்கும். அந்தப் பரிசோதனைக்குக் கட்டிய காசுக்கு ஒரு கிலோ நல்ல மீன் வாங்கியிருக்கலாம்.

தாயின் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது. சர்க்கரை தாண்டும். தாய் ரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரை பிள்ளைக்குப் போக, பிள்ளை தன் சொந்தக் கணையத்தில் இன்சுலின் கூட்டிச் சுரக்கிறது. இன்சுலின் வளர்ச்சி ஹார்மோன் மாதிரியும் வேலை செய்வதால் தோள், வயிறு எல்லாம் கொழுப்பு சேர்கிறது. பிறந்து கொடி வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும், பிள்ளையின் இன்சுலின் நிற்காது. அதனால்தான் ஜிடிஎம் தாய்க்குப் பிறந்த பிள்ளையின் குதிகாலைக் குத்திச் சீனி பார்க்கிறார்கள், உடனே பால் கொடுக்கச் சொல்கிறார்கள். டென்மார்க்கின் யோர்கன் பெடர்சன் 1950களிலேயே சொன்ன விளக்கம் இது; இன்றும் நிற்கிறது.

இப்போது எச்பிஏ1சி. சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு அது. அணு எவ்வளவு நாள் ரத்தத்தில் சுற்றுகிறதோ அவ்வளவு நாளைய சராசரி. ஒரு மாதத்துக்கு மொத்தம் எவ்வளவு மழை பெய்தது என்று சொல்வது மாதிரி. எந்த ராத்திரி வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று அது சொல்லாது. உங்கள் பிரச்சினை விடியற்காலையில் மட்டும் அரைப் புள்ளி ஏறி நிற்பது. அந்த அளவு சராசரியில் காணாமல் போய்விடும்.

அதோடு, கர்ப்பத்தில் அந்தச் சராசரியே சரியாக வராது. சாதாரணமாக 120 நாள் வாழும் சிவப்பணு கர்ப்பத்தில் அவ்வளவு நாள் இருப்பதில்லை. புது அணுக்கள் நிறைய வருகின்றன, புது அணுவில் சர்க்கரை ஒட்ட நேரமில்லை. அதனால் எச்பிஏ1சி தானாகவே இறங்கும். உங்கள் விஷயத்தில் இன்னொரு கோணல்: ஹீமோகுளோபின் 9.8. இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சியைப் பொய்யாக மேலே இழுக்கும். இரும்பு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்ததும் சீனி மாறாமலே எச்பிஏ1சி இறங்கும். பி12 குறைவும் மேலேதான் இழுக்கும். தலசீமியா, ஹீமோகுளோபின் ஈ போன்றவை இருந்தால் சில இயந்திரங்கள் தவறாகவே படிக்கும். நம் நாட்டில் இவை அபூர்வமில்லை. கர்ப்பம் கீழே இழுக்க, ரத்தச்சோகை மேலே இழுக்க, நடுவில் நிற்கும் 5.2ஐ வைத்துக்கொண்டு நான் எந்த முடிவுக்கும் வர மாட்டேன். எச்பிஏ1சிக்குக் கர்ப்பத்தில் ஒரு நல்ல உபயோகம் உண்டு, அது ஆரம்பத்தில்: முதல் தடவை கிளினிக்குப் போகும்போதே 6.5 போல வந்தால், அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே இனிப்பு நீர் இருந்து தெரியாமல் இருந்திருக்கிறது என்று பொருள். உங்களுக்கு அப்படி இல்லை என்பதை மட்டும் 5.2 ஓரளவு உறுதியாகச் சொல்கிறது. அது நல்ல செய்திதான்.

கொழுப்பு எண்கள். டிரைகிளிசரைடு கர்ப்பத்தின் கடைசியில் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஏறுவது இயற்கை. ஈஸ்ட்ரோஜென் ஈரலைக் கொழுப்பு விடச் சொல்கிறது. தாய் தன் தேவைக்குக் கொழுப்பை எரித்துக்கொண்டு பிள்ளைக்குச் சர்க்கரையை விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு அது. ஜிடிஎம் உள்ளவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். 3.1 என்பது இந்தக் காலத்துக்கு எதிர்பார்க்கக்கூடிய அளவு. பத்தைத் தாண்டினால் கதையே வேறு, கணைய அழற்சி வரலாம், மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொலஸ்ட்ரால் 7.0ம் அப்படித்தான், கர்ப்பத்தில் அது ஒன்றரை மடங்கு வரை ஏறும். தாளில் சிவப்பு அடிப்பது கம்ப்யூட்டர். எதிரில் இருப்பவர் கர்ப்பிணி என்று அதற்குத் தெரியாது. வீட்டில் யாராவது கொலஸ்ட்ரால் மாத்திரை வைத்திருந்தால் அதைத் தொடாதீர்கள். பிரசவமாகி மூன்று மாதம் போல கழித்துப் பாருங்கள், அப்போது வரும் எண்தான் உங்களுடையது.

ஒரு சங்கதியை மட்டும் மறுக்க மாட்டேன். சீனி கட்டுக்குள் இருந்தும் பிள்ளை பெரிதாகும் தாய்மார்கள் உண்டு, அவர்களில் சிலருக்கு டிரைகிளிசரைடு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அடிப்போனெக்டின் குறைவது, லெப்டின் கூடுவது, லூசின், வாலின் போன்ற அமினோ அமிலங்கள் கூடுவது என்று பட்டியல் நீளம். ஆய்வாளர்களுக்கு இவை முக்கியம்; ஊத்தான் மெலிந்தாங்கில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இவற்றில் எதுவும் நாளைக்கு என்ன சாப்பிடுவது என்று சொல்லாது. 'ஃபுல் பேக்கேஜ்' என்று யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கீட்டோனுக்கு வருகிறேன். சோற்றை நிறுத்தினீர்கள், சீனி இறங்கியதா? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: காலையில் 5.4, 5.6, 5.5, ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 5.9, 6.1. சாப்பாட்டுக்குப் பிறகு வரும் எண்களில் ஒரு குறையும் இல்லை. காலை எண் அசையவில்லை. ஏனென்றால் அது நீங்கள் ராத்திரி சாப்பிட்ட சோறு இல்லை, உங்கள் ஈரல் விடுகிற சர்க்கரை. சோற்றை வெட்டி அதை இறக்க முடியாது. வெட்டியதில் நடந்தது வேறு: மாவுச்சத்து கிடைக்காத உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோனை விடுகிறது. கர்ப்பிணி உடம்பு இதை மற்றவர்களை விட வேகமாகச் செய்யும். ஒரு ராத்திரிப் பட்டினியே போதும். கீட்டோன் நஞ்சுக்கொடியைத் தாண்டும். அதை நிறுத்த மருந்து வேண்டாம், சாப்பாடு போதும்.

ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து கர்ப்பிணிக்கு வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம். காலையில் இரண்டு தோசை, மத்தியானம் ஒரு கப் சோறு, ராத்திரி முக்கால் கப், நடுவில் ஒரு பழம், கொஞ்சம் கடலை என்று பிரித்தால் அந்தக் கணக்கு ஏறத்தாழ வந்துவிடும். மலை மாதிரி ஒரே நேரத்தில் குவிக்காமல் இருந்தால் சரி. சாம்பார் பருப்பு, முட்டை, கெம்பொங் மீன், கீரை எல்லாம் முதலில் உள்ளே போகட்டும், சோறு பிறகு. வெட்ட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. காலை பத்து மணித் தே தாரிக்கில் விழும் கெட்டிப் பாலில் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. 'குராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) என்று சொன்னாலும் கடைக்காரர் கை பழக்கத்தில் சாய்த்துவிடும். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் கேளுங்கள்.

காலை எண் இப்படியே 5.3ஐத் தாண்டி நின்றால் டாக்டர் மெட்ஃபோர்மினோ, படுக்கப் போகும் முன் போடும் இன்சுலினோ சொல்லலாம். சொன்னால் 'நான் சாப்பாட்டில் தோற்றுவிட்டேன்' என்று அழ வேண்டாம். ராத்திரி ஈரலுக்குக் கட்டளை போதவில்லை, அதை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். இன்சுலின் பிள்ளைக்குப் போகாது என்று மேலே சொன்னேன். மெட்ஃபோர்மின் போகும், அதன் நன்மை தீமையை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு மீட்டர் பற்றிக் கொஞ்சம். சர்வதேசத் தரப்படி, 5.6க்குக் கீழே ஒரு மீட்டர் 0.8 வரை மேலும் கீழும் காட்டினாலும் அது தேர்ச்சி பெற்ற மீட்டர்தான். எனவே ஒரு நாள் 5.6, மறுநாள் 5.2 என்றால் அழுவதற்கோ சிரிப்பதற்கோ ஒன்றுமில்லை. ஒரு வார எண்களைச் சேர்த்துப் பாருங்கள். ரத்தச்சோகை இருந்தால் பல மீட்டர்கள் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், இதை உங்கள் டாக்டருக்கு நினைவுபடுத்துங்கள். ரம்புத்தான் உரித்த விரலைத் துடைத்துவிட்டுக் குத்தினால் 9 வரும், கழுவிக் காயவைத்துக் குத்தினால் 6 வரும். அடுப்படியில், ரைஸ் குக்கர் ஆவி படும் இடத்தில் மீட்டரின் சோதனைப் பட்டை டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள். இன்னொன்று, பி.எஸ்.பி. (ஒரே நாளில் பல தடவை சீனி பார்க்கும் சோதனை) எடுக்கும் நாளுக்கு மட்டும் ஓட்ஸ் கஞ்சி குடித்துவிட்டு மறுநாள் ரொட்டி சானாய்க்குப் போகும் வழக்கம் நம் பெண்களிடம் உண்டு. மிஸ்ஸிக்கு அது தெரியும். பிள்ளைக்கும் தெரியும்.

மாமியாரிடம் சண்டை போடாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, அப்போது யாரும் அளக்கவில்லை. விடியும் முன் எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன உடம்பும் இப்போது ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிற உடம்பும் ஒன்றில்லை என்பதும் உண்மை. ஆனால் அவர் இப்போது தினமும் மெட்ஃபோர்மின் போடுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது பிரசவத்தில் எதிலாவது ஏறியிருந்ததா என்று இனிமேல் கண்டுபிடிக்க முடியாது. ஜிடிஎம் என்ற கோடு முதன்முதலில் போடப்பட்டது பிள்ளைக்காக அல்ல. 1964இல் பாஸ்டனில் ஓ'சல்லிவனும் மாஹனும் போட்ட கோடு, எந்தத் தாய்க்குப் பின்னால் இனிப்பு நீர் வரும் என்று முன்கூட்டியே சொல்வதற்காக. பிள்ளையைப் பார்த்துப் போட்ட கோடு ஹேப்போவுக்குப் பிறகு வந்தது.

அங்கேதான் உங்கள் கடைசிக் கேள்வி இருக்கிறது. பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அந்த ஹார்மோன்கள் போய்விடும். பெரும்பாலானவர்களுக்குச் சில நாளில் சீனி இறங்கிவிடும். ஆனால் ஈடுகட்டத் தடுமாறிய கணையம் அதே கணையம்தான். ஜிடிஎம் வந்த பெண்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை இனிப்பு நீர் வரும் வாய்ப்பு, வராதவர்களை விடச் சுமார் பத்து மடங்கு என்று 2020இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கணக்குச் சொன்னார்கள். அதனால் பிரசவமாகி ஆறாவது வாரத்தில் அதே இனிப்புத் தண்ணீர் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். நான் வேலை பார்த்த காலத்தில் கர்ப்பத்தில் வந்து குத்திக்கொண்ட பெண்கள் ஆறாவது வாரத்துக்கு வருவது குறைவு. பிள்ளைக்குத் தடுப்பூசி போட வருவார்கள், தனக்கு ரத்தம் எடுக்க மாட்டார்கள்.

அந்தச் சோதனைக்குக் கோடுகள் வேறு, பயந்துவிடாதீர்கள். வெறும் வயிற்றில் 7.0 அல்லது இரண்டு மணி நேரத்தில் 11.1 தொட்டால்தான் இனிப்பு நீர். 6.1 முதல் 6.9, அல்லது 7.8 முதல் 11.0 என்றால் எல்லைக்கோட்டில் இருக்கிறீர்கள். இதற்குப் பதில் எச்பிஏ1சி எடுத்துக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரசவத்தில் ரத்தம் போய், இரும்பு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போது அது இன்னும் குழம்பும். அந்தக் காலையில் மாமியார் உருட்டி வைத்த காயம் (பிரசவ மருந்து) உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அதில் கருப்பட்டி இருக்கிறது. ரத்தம் கொடுத்து முடித்த பிறகு சாப்பிடலாம். முதல் சோதனை நன்றாக வந்தால் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை போதும். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குப் பின்னாளில் இனிப்பு நீர் வருவது குறைகிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூன்றாவது பிள்ளைக்கு எண்ணம் இருந்தால், 24ஆவது வாரம் வரை காத்திராமல், முதல் தடவை கிளினிக்குப் போகும்போதே இந்தப் பிங்க் புத்தகத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.